எங்கே, எடுத்துட்டு வா பார்ப்போம்: 16 பிள்ளைகளுக்கு வாங்கிய கிறிஸ்துமஸ் பரிசுகள், ஒரு வருஷம் கழித்து

2023 டிசம்பர் வெள்ளத்தில், தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மழைதான். தண்ணீர் வடிந்து, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆளுக்கொரு மண்வெட்டியோடு நின்றோம். பின்கட்டு அறையிலிருந்து சேற்றோடு சேறாக வந்ததில் பாதி பொம்மைதான். சக்கரம் இல்லாத கார், தலை இல்லாத நாய், ரிமோட் தொலைந்த ஹெலிகாப்டர், ஒரு கண் மட்டும் மூடித் திறக்கும் பாப்பா. சாக்கில் வாரிப் போட்டுக்கொண்டே அண்ணன் சொன்னான்: "இதுல முக்காவாசி நீ வாங்கிக் கொடுத்ததுதாம்ளா."

அதே சேற்றில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கிடைத்தது. கழுவிப் பார்த்தால் என் பெயர், அதன் கீழே 1984. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்ததற்குக் கொடுத்த பரிசு. பத்து வயதில் வாங்கியது. ஒரு சின்ன நெளிவு தவிர ஒன்றும் ஆகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து அன்றைக்கே அதில் காப்பி குடித்தேன்.

அந்தச் சாக்கைத் தூக்கிப் போட்ட பிறகுதான் பரிசு வாங்குவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். 2024 கிறிஸ்துமஸுக்கு யோசித்து வாங்கியவை என்ன ஆயின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையில் பார்த்த அழகையோ, பிரித்த அன்றைக்குப் பிள்ளைகள் குதித்த உயரத்தையோ வைத்து எழுதும் விமர்சனம் இல்லை இது. பிரித்த அன்று எல்லாப் பிள்ளையும் குதிக்கும். காலி அட்டைப்பெட்டியைக் கொடுத்தாலும் குதிக்கும்.

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கு. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் ஒரே வளவுக்குள் கட்டிய மூன்று வீடுகள். அந்த மூன்று வீட்டு மக்களின் பிள்ளைகள் இப்போது 16 பேர். போன வருஷம் கைக்குழந்தைக்கு எட்டு மாதம், மூத்தவனுக்கு 15 வயது. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்னு வாழ்த்துவாங்க. நம்ம வளவுல பதினாறும் வந்துட்டு, பெருவாழ்வைத்தான் காணோம்" என்பது எங்கள் அம்மாவின் நிரந்தர நகைச்சுவை. சிலருக்கு நான் அத்தை, சிலருக்குப் பெரியம்மா. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கிறிஸ்துமஸ் பரிசுக்கு என்று என்னால் ஒதுக்க முடிந்தது 4,000 ரூபாய். தலைக்கு 250.

இதற்கு முன்னால் ஒரு வருஷம், கல்லூரிகளில் செய்கிற மாதிரி கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் சீட்டு எடுத்துப் பார்த்தோம். ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்கு வாங்கினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாமாக்கள் மறந்துபோய், கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்து வருகிற வழியில் பெட்டிக்கடையில் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளை சைக்கிள் வாங்கிக்கொள்ள, பக்கத்தில் ஒரு பிள்ளை பத்து ரூபாய் சாக்லேட்டோடு நின்றது. அதோடு சீட்டு ஒழிந்தது.

நான் வைத்த தேர்வு சுலபமானது. காலாண்டு விடுமுறையில், அப்பாவின் நினைவு நாள் ஜெபத்துக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளிடம் நேரிலும், வெளியூர்ப் பிள்ளைகளிடம் வீட்டுக்குப் போனதும் போனிலும் கேட்டேன்: "கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தேனே, அது எங்கே? எடுத்துட்டு வா பார்ப்போம்." ஒன்பது மாதம் கழித்தும் அது இருக்கிற இடம் தெரிந்து, போய் எடுத்துக்கொண்டு வந்தால் பாஸ். தேட ஆரம்பித்தால் பெயில். அம்மாக்கள் எடுத்துக் கொடுத்தால் செல்லாது.

வாங்கியதில் முதலிடம் பல்லாங்குழிக்குத்தான். ஒன்பது வயதும் ஏழு வயதுமான அக்கா தங்கைக்குச் சேர்த்து வாங்கியது, 380 ரூபாய். மடக்குகிற மரப் பலகை, பக்கத்துக்கு ஏழு குழி. சோழியோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். ஆனால் சோழி சின்னக் கைக்கு வழுக்குகிறது. எங்கள் வீட்டில் இரண்டாவது நாளே புளியங்கொட்டைக்கு மாறிவிட்டார்கள். குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டை. வாங்கும்போது நான் பார்த்தது குழியின் ஆழம். அலங்காரத்துக்குச் செய்கிற பலகைகளில் குழி தட்டையாக இருக்கும், எட்டுப் பத்து முத்து சேர்ந்தால் வழிந்துவிடும். வெளியே யானையும் மயிலும் செதுக்கியிருக்கும், உள்ளே ஆட முடியாது. மடக்கும் இடத்தில் கீலுக்குப் பித்தளை ஆணி போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். எங்களுடையதில் இரும்பு ஆணி, ஆறு மாதத்தில் துரு.

இதை வாங்கும்போது நான் நினைக்காத ஒன்று நடந்தது. இந்த ஆட்டத்துக்கு எதிராளி வேண்டும். அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை வந்த நாளில் பெரியவள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆச்சியிடம் போனாள். எங்கள் அம்மாவுக்கு 78 வயது, மூட்டுவலி, மத்தியானம் தூக்கம் வராது. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அம்மா பேத்தியின் பசுவையும் சேர்த்து மேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. கண்டுபிடித்த அன்று போனில் எனக்குப் புகார்: "அத்தை, ஆச்சி கள்ளாட்டம் ஆடுதாங்க." எடுத்துட்டு வா என்றபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. பலகை ஆச்சியின் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்று கையைக் காட்டினாள். பாஸ்.

அடுத்தது அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான். இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் நாலு பிள்ளைகள். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பெரிய செட், 650 ரூபாய். அம்பைக் கடைத்தெருவில் வாங்கினேன். அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு, தோசைக்கல், கரண்டி என்று ஒரு குடித்தனமே இருந்தது. கடைசல் பிடித்த மரத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அரக்குச் சாயம். மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டில் இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். அதனால்தான் அந்த வழவழப்பு. வெறும் பெயின்ட் அடித்ததும் கலந்து விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்ப்பது. துணியில் நிறம் ஏறினால் கீழே வைத்துவிடுவேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் இதை வாயில் வைக்காமல் இருக்கப் போவதில்லை.

குறையும் உண்டு. கரண்டி, மத்து, அம்மிக்குழவி எல்லாம் மிகச் சிறியவை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மையைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக விழுகிற எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. அந்தக் காலத்து கேமரா பிலிம் டப்பா கிட்டத்தட்ட அதே அகலம்தான். வீட்டில் ஒன்று கிடந்தது. சொப்பு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழு சாமான் உள்ளே போயின. அந்த ஏழையும் தனியாக எடுத்து, கைக்குழந்தைக்கு மூன்று வயது ஆனதும் தருவதாகச் சொல்லி அண்ணி பீரோவில் பூட்டிவைத்திருக்கிறாள். குழவி இல்லாத அம்மியில் இப்போது அழிரப்பரை வைத்து அரைக்கிறார்கள்.

நாலு பேரில் ஒருவன் பையன். "ஆம்பளப் பிள்ளைக்குச் சொப்பா?" என்று ஒரு மாமா கேட்டார். அந்தப் பையன்தான் இன்றுவரை வளவுக்குத் தலைமைச் சமையல்காரன். அடுப்பு எங்கே என்று கேட்டதும், முந்திரிமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். மூன்று கல்லும் ஒரு தோசைக்கல்லும் மண்ணில் இருந்தன. மழையில் கிடந்ததில் குடத்தின் வாய் வெடித்திருந்தது. மரச்சாமான் தண்ணீரில் ஊறக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. ஆனாலும் பாஸ்தான்.

சென்னபட்டணம் மரப்பொம்மையும் பார்த்தேன். பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் இருக்கிற ஊர். வேலைப்பாடு அம்பையைவிட நேர்த்தி, மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய கடைகளில் சொல்லும் விலைக்கு எனக்கு 16 பிள்ளைகள் கட்டுபடியாகாது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரி.

இப்போது தோல்விகளுக்கு வருகிறேன். எட்டு வயது இரட்டையர்களுக்கு நேரமில்லாமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பாட்டுப் பாடி இடுப்பை ஆட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா, ஒன்று 249, இரண்டும் 498 ரூபாய். எந்தத் தளம் என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. படத்தைப் பார்த்து வாங்கினேன், பெட்டியைப் பார்த்து வாங்கவில்லை. வந்த பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்த முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் மட்டும் விலக்கு. இது அந்த இரண்டிலும் சேராது.

அதைவிட மோசம், பேட்டரி. பொத்தான் மாதிரி வட்டமான சின்ன பேட்டரி மூன்று, மூடிக்குத் திருகாணி இல்லை, நகத்தால் திறந்துவிடலாம். இந்த பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். கைக்குழந்தை தவழ்கிற வீடு. பிரித்த அன்றே மூடியின் மேல் டேப் சுற்றினேன். தாத்தா ஜனவரி 2-ஆம் தேதி பாட்டை நிறுத்திக்கொண்டார். இரட்டையரிடம் எங்கே என்று கேட்டபோது ஒருவன் மற்றவனைப் பார்த்தான். சரி, விடு என்றேன்.

இன்னொன்று காந்த செஸ் போர்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த இரண்டு வாரத்தில் எங்கள் வளவில் ஐந்து பேர் செஸ் வீரர்கள் ஆகிவிட்டார்கள். பதினோரு வயதுக்காரனுக்கு 190 ரூபாயில் மடக்கும் காந்தப் பலகை வாங்கினேன். பஸ்ஸில் வைத்து ஆடலாம், காய் சரியாது என்பது அதன் பெருமை. பிப்ரவரிக்குள் நாலைந்து காய்களின் அடியிலிருந்த காந்தம் பெயர்ந்து விழுந்துவிட்டது. ஒட்டியிருந்த பசை அவ்வளவுதான். ஒரு காந்தம் விழுங்கினால் வெளியே வந்துவிடலாம். இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு குடலையே துளைத்துவிடும். பையனின் அம்மா நர்ஸ். அவள்தான் இதைச் சொல்லி, முழுப் பலகையையும் குப்பையில் போட்டாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகச் சுருட்டி வைக்கும் ரெக்சின் பலகையும் கனமான பிளாஸ்டிக் காய்களும் 230 ரூபாய்க்கு அவளே வாங்கிக் கொடுத்தாள். அது இன்னும் இருக்கிறது. ராணி ஒன்று தொலைந்து, அந்த இடத்தில் பேனா மூடி நிற்கிறது. நான் வாங்கியது பெயில், அவள் வாங்கியது பாஸ்.

மூன்றாவது தோல்வியைச் சொல்ல மனசு வரவில்லை, அது நானே செய்தது. புனேயில் இருந்து அரவிந்த் குப்தா என்பவர் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யச் சொல்லிக் கொடுத்தவர், 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணம், கனசதுரம், பாலம் எல்லாம் கட்டும் அவருடைய விளையாட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதற்கான பொருட்களைச் சேர்த்து ஒரு பெட்டியாகக் கொடுத்தேன். வால்வு டியூபுக்காக நாலு சைக்கிள் கடை ஏறி இறங்கினேன். "இப்ப யாருக்கா அந்த வால்வு போடுதா?" என்றார் மூன்றாவது கடைக்காரர். நாலாவது கடையில் மீட்டர் கணக்கில் கிடைத்தது. எல்லாம் சேர்த்து 110 ரூபாய்தான். அவள் ஒரு நாள் மத்தியானம் செய்தாள். அழகாகவே ஒரு கூடாரம் கட்டினாள். அப்புறம் தொடவில்லை. கூட உட்கார்ந்து செய்ய ஆள் வேண்டும், நான் 27-ஆம் தேதி வேலைக்குத் திரும்பிவிட்டேன். இதை யாராவது கொடுப்பதாக இருந்தால், நாலு நாள் லீவும் சேர்த்துக் கொடுங்கள்.

பூதக்கண்ணாடி, பத்து வயதுப் பையன்கள் இருவருக்கு, ஒன்று 130 ரூபாய். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் லென்ஸ் வாங்க வேண்டாம், ஒரே மாதத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். கண்ணாடியா என்று அறிய, நுனி நகத்தால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். முதல் வாரம் எறும்பு, வேப்பிலை, ரூபாய் நோட்டின் எழுத்து, ஆச்சியின் கைரேகை எல்லாம் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் வெயிலில் பிடித்தால் காகிதம் எரியும் என்று கண்டுபிடித்தார்கள். மூன்றாவது வாரம் ஒருவனின் புதுச் சட்டையில், கிறிஸ்துமஸுக்கு எடுத்ததில்தான், பட்டாணி அளவு ஓட்டை. லென்ஸ் ஒரு மாதம் பறிமுதல். சூரியனை அதன் வழியாகப் பார்க்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன், சட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டதும் இருவரும் பள்ளிப் பையிலிருந்தே எடுத்தார்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பதிமூன்று வயதுக்காரிக்கு வாங்கியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இது தெரியவில்லை. அஞ்சல் துறையில் 'மை ஸ்டாம்ப்' என்று ஒரு சேவை. நாம் கொடுக்கும் படத்தைத் தபால்தலையோடு சேர்த்து அச்சிட்டுத் தருவார்கள். ஒரு தாளில் 12 தலை, ஒவ்வொன்றும் 5 ரூபாய் மதிப்பு. நான் கட்டியது 300 ரூபாய். படிவம், படம், அடையாள அட்டை நகல் வேண்டும். எல்லா அஞ்சலகத்திலும் கிடையாது, தலைமை அஞ்சலகத்தில் விசாரிப்பது நல்லது. கையோடு கிடைக்காமல் போகலாம் என்பதால் டிசம்பர் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். நான் கொடுத்த படம், அவளும் ஆச்சியும் முந்திரிக்கொத்து உருட்டும்போது எடுத்தது. இருவர் கையிலும் மாவு.

60 ரூபாய்த் தபால்தலைக்கு 300 ரூபாயா என்று அண்ணன் கணக்குக் கேட்டான். கணக்கு சரிதான். ஆனால் அவள் விடுதியில் போன் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஐந்து நிமிஷம். உறைக் கடிதத்துக்கு 5 ரூபாய்த் தலை போதும். ஜனவரியிலிருந்து ஆச்சிக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. தபால்காரர் முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, ஒங்க படம் ஸ்டாம்புல வந்திருக்கு" என்று தெரு முனையிலிருந்தே சத்தம் போட்டிருக்கிறார். முத்திரை குத்தியது ஆச்சியின் மூக்கின் மேல். எடுத்துட்டு வா என்றபோது அவளிடம் மூன்று தலைதான் மீதம். மற்ற ஒன்பதும் எங்கே என்று கேட்டேன். அம்மா பைபிளைத் திறந்தாள். ஒன்பது உறையும் சங்கீதத்துக்கு நடுவில் இருந்தன.

பெங்களூரில் இருக்கும் ஆறு வயதுக்காரனுக்குப் புத்தகங்கள். நாலு மெல்லிய படப் புத்தகம், எல்லாம் சேர்த்து 260 ரூபாய். நேஷனல் புக் டிரஸ்டும் பிரதம் புக்ஸும் தமிழில் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் போடுகின்றன. பிரதம் கதைகள் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் தூலிகா போடுகிற இருமொழிப் புத்தகம் ஒன்றையும் சேர்த்தேன். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளை தமிழைத் தாண்டி ஆங்கிலத்துக்குப் போய்விடும் என்பது என் பயம். அப்படித்தான் ஆனது. மூன்று தமிழ்ப் புத்தகத்தையும் அவன் அம்மா ராத்திரி வாசித்துக் காட்டுகிறாள், இருமொழியை அவனே வாசிக்கிறான், ஆங்கிலத்தில். பாதி பாஸ் என்று போட்டிருக்கிறேன்.

கைக்குழந்தைக்குப் பனையோலைக் கிலுகிலுப்பை, 40 ரூபாய். மணப்பாட்டுப் பெண்கள் முடைவது. சாயம் போடாததைக் கேட்டு வாங்கினேன். ஓலையின் நுனி உள்ளே மடக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும். இரண்டு மாதம் கடித்துத் துப்பி முடித்துவிட்டான். நாற்பது ரூபாய்க்கு அது தாராளம். இந்தப் பிள்ளையிடம் எடுத்துட்டு வா என்று கேட்க முடியாது என்பதால் மதிப்பெண் இல்லை.

ஆனால் 16 பரிசையும் போட்டுக் கொடுத்த ஓலைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மினுமினுப்புக் காகிதம் சுற்றினால் ஒரு நிமிஷத்தில் கிழித்து எறிவார்கள். மூடியோடு கூடிய சின்ன ஓலைப் பெட்டி மொத்தமாக வாங்கியதில் 45 ரூபாய், பதினாறுக்கு 720. நான் செய்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். கோலிக்குண்டு, ரப்பர் பேண்ட், விழுந்த பல், வளையல் துண்டு என்று பதினாலு பெட்டிகள் இன்னும் பயனில் இருக்கின்றன. செத்துப்போன கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெட்டியில் இரட்டையர் பொன்வண்டு வளர்த்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காயவைத்தால் போய்விடும். இன்னொரு லாபம், எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. அண்ணிமார் கண் முதலில் அளவைத்தான் பார்க்கும். 40 ரூபாய்க் கிலுகிலுப்பையும் 300 ரூபாய்த் தபால்தலையும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருந்தன. பல்லாங்குழியும் சொப்பும் மட்டும் உள்ளே அடங்காமல் துணிப்பையில் போயின. அவற்றுக்கு உரிய பெட்டியில் அச்சு முறுக்கு வைத்தேன். விலை ஸ்டிக்கரை எல்லாம் முந்தின நாளே சுரண்டி எடுத்துவிட வேண்டும். பூதக்கண்ணாடி ஒன்றில் மறந்துவிட்டேன், "எனக்கு நூத்தி முப்பதுதானா?" என்று கேட்டுவிட்டான்.

பதினைந்து வயதுக்காரன் கேட்டது போன். நான் கொடுத்தது ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஸ்க்ரூடிரைவர் செட், 240 ரூபாய். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் அத்தை" என்று ஒரு வறண்ட குரலில் சொன்னான். மனசுக்குள் அவனைப் பெயில் போட்டுவிட்டேன். ஏப்ரலில் மிக்ஸியைக் கழற்றினான். மாட்டத் தெரியவில்லை, மெக்கானிக்குக்கு 350 ரூபாய் அழுதார்கள். ஆனால் அந்த மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டு மேசை விசிறி, இரட்டையரின் சைக்கிள் மணி, ஆலயத்தின் கையடக்க ஒலிபெருக்கி என்று வரிசையாக அவனிடம் வர ஆரம்பித்தன. இந்த நவம்பர் 30-ஆம் தேதி வளவு வாசலில் நட்சத்திரம் கட்டும்போது விளக்கு எரியவில்லை. எல்லோரும் புதுசு வாங்கச் சொன்னார்கள். அவன் மெயினை அணைத்துவிட்டு வந்து ஹோல்டரைக் கழற்றினான். உள்ளே எறும்புக் கூடு. கேட்காமலே தேர்வில் பாஸ்.

மொத்தச் செலவு 3,648 ரூபாய். மீதி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போனது.

இந்த வருஷம் பெரும்பாலும் ஒரே பொருள்தான். பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் சொல்லியிருக்கிறேன், கனமானது, ஒன்று 95 ரூபாய். மீந்த பணத்தில் புத்தகமும், துளிர் அறிவியல் இதழுக்கு மூன்று பேருக்குச் சந்தாவும், பல்லாங்குழிக்குப் பித்தளை ஆணியும். டம்ளரில் பெயர் வெட்டிக் கொடுப்பவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர்ப் பட்டியலை நீட்டினேன். தமிழில்தான் வெட்ட வேண்டும், கீழே வருஷம் போட வேண்டும் என்று சொல்லி, என்னுடைய பழைய டம்ளரையும் மாதிரிக்குக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சுத்தியும் உளியும் வச்சு வெட்டினதும்மா. மிஷின் இல்ல. எங்க அப்பா காலத்து வேலை" என்றார்.

பட்டியலை எண்ணிவிட்டு, "பதினாறு பேர் இருக்கு, டம்ளர் பதினேழு எடுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கடைசித் தம்பி வீட்டில் ஜனவரியில் பிள்ளை பிறக்க இருக்கிறது என்று சொன்னேன். அவர் அந்த ஒன்றில் வருஷத்தையும் போடாமல் தனியாக ஒதுக்கிவைத்தார். "பேர் வச்சதும் கொண்டாங்க. அதுக்கு வெட்டுக்கூலி வேண்டாம்."